கேம்பர்வேனில் கடலோரப் பயணம்: புறப்படும் முன் குடும்பம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மெல்பர்ன் போவதென்று முடிவாகிவிட்டது. விமான டிக்கெட்டும் மலிவாகக் கிடைத்துவிட்டது. ஏழு பேருக்குத் தங்குவிடுதியில் மூன்று அறை, வாடகைக்கு ஒரு வேன், மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு என்று கணக்குப் போட்டால் தொகை மலைக்க வைக்கிறது. அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒருவர் கைப்பேசியை நீட்டுவார். "இதப் பாருங்க, கேம்பர்வேன். வண்டியும் இதுதான், வீடும் இதுதான், அடுப்படியும் இதுதான்."

கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் ஈசூனிலும் இந்தப் பேச்சு இப்போது வழக்கமாகிவிட்டது. படங்களில் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் கடல், மடக்கு நாற்காலியில் தாத்தா, கையில் தேநீர். அந்தப் படம் பொய்யல்ல. ஆனால் அந்த நாற்காலி அங்கே விரிக்கப்படுவதற்கு முன் யாரோ ஒருவர் தண்ணீர் பிடித்திருக்க வேண்டும், கழிவைக் கொட்டியிருக்க வேண்டும், இரவு தங்க இடம் பதிவு செய்திருக்க வேண்டும். கேம்பர்வேன் விடுமுறையில் மகிழ்ந்து திரும்பும் குடும்பத்துக்கும் மனத்தாங்கலோடு திரும்பும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த வேலைகளை யார் செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்கள் அதிகம் நாடும் கடலோரப் பாதைகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள கிரேட் ஓஷன் ரோடு. மெல்பர்னுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் இருக்கும் டோர்கி என்ற ஊரில் தொடங்கி, வார்னம்பூல் நகரை ஒட்டிய அலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது. மொத்தம் 240 கிலோமீட்டர் சொச்சம். வாகனங்கள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் செல்வதால் வாகனமோட்டிக்குப் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி சாலையின் வளைவுகளில் இருக்கிறது. தூரம் கோலாலம்பூர்–ஈப்போவை விடச் சற்று அதிகம்தானே, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைப்பவர்கள், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை அல்ல, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், நடுவில் போக ஒரு தடம், வர ஒரு தடம். உயரமான, கனமான ஒரு வண்டியை அதில் ஓட்ட வேண்டும். பின்னால் வரும் உள்ளூர்க்காரர்களுக்கு வேலைக்குப் போகும் அவசரம் இருக்கும். வழிநெடுக மெதுவாகச் செல்லும் வாகனங்கள் ஒதுங்குவதற்கென்றே இடங்கள் விடப்பட்டுள்ளன. ஐந்தாறு கார்கள் பின்னால் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுவதுதான் அங்கே மரியாதை. மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு கேம்பர்வேனிலும் ஒரே நாள் போதும் என்று திட்டமிடுவது வீண். மூன்று இரவுகளாவது வேண்டும்.

திசையும் முக்கியம். டோர்கியிலிருந்து மேற்கு நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம், வண்டியும் இடப்பக்கத் தடத்தில். பார்வை முனைகளில் வண்டியை நிறுத்துவது எளிது. முன்னால் இடப்பக்கம் அமர்ந்திருப்பவருக்குக் கண்கொள்ளாக் காட்சி. திரும்பும்போது அதே வழியில் வரத் தேவையில்லை. வார்னம்பூலிலிருந்து கோலாக், ஜீலோங் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் வந்தால் மெல்பர்ன் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் சொச்சத்தில் வந்துவிடலாம்.

கட்டில் எத்தனை, இருக்கை எத்தனை?

வாடகைக்கு எடுக்கும்போது பலர் பார்ப்பது எத்தனை பேர் படுக்கலாம் என்பதை. முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் இருக்கை வார் அணிந்து உட்காரலாம் என்பதை. இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதில்லை. வண்டி ஓடும்போது கட்டிலில் படுத்திருப்பதும் மேசையோரம் வார் இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் அங்கே குற்றம். "பாட்டிக்கு முதுகு வலி, பின்னால கொஞ்சம் படுத்துக்கட்டும்" என்ற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுபவர்களையும் வார் அணியாதவர்களையும் படம் பிடிக்கும் காமிராக்கள் விக்டோரியா சாலைகளில் செயல்படுகின்றன. அபராதக் கடிதம் வாடகை நிறுவனம் வழியாக, அதன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு வீடு தேடி வரும்.

சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவரவர் வயதுக்கேற்ற குழந்தைப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். அது ஆஸ்திரேலியத் தரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். வீட்டுக் காரில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு போனால் பயன்படாது. மேலும் அந்த இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி எல்லாக் கேம்பர்வேன் இருக்கைகளிலும் இருப்பதில்லை. இருவர், மூவருக்கான சிறிய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. பதிவு செய்வதற்கு முன்னரே பிள்ளைகளின் வயதைச் சொல்லி, எழுத்துவழிப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வாடகைக்குப் பொதுவாகக் கிடைப்பதில் பெரியது ஆறு பேருக்கான வண்டி. அப்படியானால் ஏழாவது ஆள்? இரண்டு வண்டி எடுக்கலாம். ஓட்டுவதற்கும் இருவர் வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. கேம்பர்வேன்கள் இரவு தங்கும் பூங்காக்களில் சிறு மரவீடுகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு சிறிய வண்டி, ஒரு சாதாரணக் கார் என எடுத்துக்கொண்டு, தாத்தா பாட்டிக்கு அதே பூங்காவில் மரவீடு எடுத்துவிட்டால், நடுராத்திரியில் ஏணி இறங்கிக் கழிவறை தேடும் தொல்லை அவர்களுக்கு இல்லை. காலையில் எல்லாரும் ஒரே இடத்தில் பசியாறலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வரும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது.

எங்கே வேண்டுமானாலும் தூங்கலாமா?

கூடாது. கேம்பர்வேன் என்றாலே நினைத்த இடத்தில் நிறுத்தி, கடல் ஓசையில் தூங்கலாம் என்பதுதான் இந்த விடுமுறையைப் பற்றி நிலவும் மிகப் பெரிய தவறான எண்ணம். கிரேட் ஓஷன் ரோட்டை ஒட்டிய கடற்கரை வாகன நிறுத்துமிடங்களிலும் பார்வை முனைகளிலும் சாலையோரத்திலும் இரவு வண்டியில் தங்குவது பெரும்பாலும் தடை செய்யப்பட்டுள்ளது. ஊராட்சி அதிகாரிகள் விடியற்காலையில் வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள், அபராதம் உண்டு. டோர்கி, ஆங்கல்சி, லோர்ன், அப்பல்லோ பே, போர்ட் கேம்பல், வார்னம்பூல் என ஊருக்கு ஊர் கேரவன் பூங்காக்கள் இருக்கின்றன. ஓட்வே தேசியப் பூங்காவுக்குள்ளும் முகாம் இடங்கள் உண்டு.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஆஸ்திரேலியர்களுக்கே பள்ளி விடுமுறை. கடலோரப் பூங்காக்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். சில இடங்களில் ஒரே ஓர் இரவுக்கு மட்டும் பதிவு செய்ய விடமாட்டார்கள். வண்டியைப் பதிவு செய்யும் அன்றைக்கே தங்கும் இடங்களையும் பதிவு செய்துவிட வேண்டும். இந்தக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், கேம்பர்வேன் மலிவு என்ற முதல் கணக்கு கொஞ்சம் மாறும். நான்கு பேர் குடும்பத்துக்குச் சில வேளைகளில் காரும் மரவீடும் எடுப்பதே செலவு குறைவாக முடியும்.

பூங்காவில் இடம் எடுக்கும்போது மின் இணைப்பு உள்ளதா, இல்லாததா என்று கேட்பார்கள். நம்மவர்கள் தயங்காமல் மின் இணைப்பு உள்ளதை எடுக்க வேண்டும். காரணம் சோற்றுப்பானை. வண்டியில் இருக்கும் துணை மின்கலம் விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் குளிர்பெட்டிக்கும் கைப்பேசிக்கும்தான் போதும். சோறு வேகவைக்கும் மின்பானையோ மின்கெண்டியோ பொறிதிறந்த அடுப்போ அதில் ஓடாது. சாலையோரம் நிறுத்திவிட்டுப் பானையைச் சொருகி, ஏன் சூடாகவில்லை என்று தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பூங்காவின் மின்கம்பத்தில் வண்டியின் கம்பியைச் செருகிய பிறகுதான் அவை வேலை செய்யும். ஆஸ்திரேலியச் செருகியின் கால்கள் சாய்வாக இருக்கும். நம் மூன்று சதுரக்கால் செருகிக்கு மாற்றி தேவை.

தண்ணீர் மூன்று வகை. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி. பாத்திரம் கழுவியதும் குளித்ததும் போய்ச் சேரும் சாம்பல் தண்ணீர்த் தொட்டி. கழிவறைக்குக் கீழே இழுத்து எடுக்கும் பெட்டி. வெளியிலிருந்து பார்க்கத் தெரியாத இந்த மூன்றும்தான் வண்டிக்குள் வாழ்க்கையை நடத்துகின்றன. ஐந்து பேர் தங்கள் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் நல்ல தண்ணீர் ஒரே நாளில் தீர்ந்துவிடும். பூங்காவின் பொதுக் குளியலறையைப் பயன்படுத்துவதே நடைமுறை. சுடுநீர் வரும், சுத்தமாகவும் இருக்கும். சாம்பல் தண்ணீரைச் சாலையோரத்தில் திறந்துவிடக் கூடாது. கழிவறைப் பெட்டியை அதற்கென்று குறித்த கொட்டுமிடத்தில்தான் காலி செய்ய வேண்டும். பெட்டியில் ஊற்ற மருந்து உண்டு; கையுறையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது யார்? பல வீடுகளில் இரண்டாம் நாள் காலையில் மௌனம் விழும் இடம் இது. "எனக்குக் கொமட்டும்" என்று பிள்ளைகள் நழுவ, கடைசியில் அம்மாவோ, பேச்சுக்கு ஆளாகாத மருமகனோ தூக்கிக்கொண்டு போவார். இந்த வேலையை இன்னார்தான் செய்ய வேண்டும் என்ற பழைய எண்ணத்தைச் சுமந்துகொண்டு கேம்பர்வேனில் ஏற முடியாது. முறை வைத்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

அம்மாவுக்கும் விடுமுறை உண்டா?

சமைத்துச் சாப்பிடலாம், செலவு மிச்சம் என்பதே கேம்பர்வேனுக்குச் சொல்லப்படும் முதல் காரணம். யாருடைய உழைப்பில் மிச்சம் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் அகலமான அடுப்படி, குழாயைத் திறந்தால் தண்ணீர், பாத்திரம் வைக்க இடம். வண்டியில் இரண்டு கண் எரிவாயு அடுப்பு, கையகலத் தொட்டி, ஒருவர் நின்றால் மற்றவர் கடக்க முடியாத நடைபாதை. அங்கே மூன்று வேளையும் சோறு, குழம்பு, பொரியல் என்று வீட்டு முறைப்படி சமைத்தால், பயணம் முழுக்க அம்மா கடலைச் சின்னச் சமையல் சன்னல் வழியாகத்தான் பார்ப்பார். அடைத்த வண்டிக்குள் மிளகாய் தாளித்தால் இருமலில் எல்லாரும் வெளியே ஓட வேண்டியிருக்கும். அந்த மணம் மெத்தையில் ஏறி, திருப்பிக் கொடுக்கும் நாள் வரை போகாது. சில நிறுவனங்கள் அதற்கும் துப்புரவுக் கட்டணம் கேட்கின்றன.

இதற்கு வழி எளிது. பெரும்பாலான பூங்காக்களில் பொதுச் சமையற்கூடம் இருக்கிறது. திறந்த வெளியில் மின்சார வாட்டுத்தட்டும் இருக்கும். காலையில் ரொட்டி, முட்டை. பகலில் ஊர் ரொட்டிக்கடையில் எதையாவது வாங்கிக் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது. இரவு ஒரு வேளை மட்டும் சோறு. மீனையோ கோழியையோ மசாலா தடவி வெளியே தட்டில் வாட்டும் வேலையை அப்பாவும் பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே எல்லாக் குடும்பங்களிலும் ஆண்கள்தான் கரண்டியோடு நிற்பார்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சாமான்களை இங்கிருந்து கட்டிக்கொண்டு போவதில் எச்சரிக்கை தேவை. ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. உணவுப்பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், வீட்டில் செய்த இறைச்சித் தொக்கு போன்றவை பறிமுதல் ஆகும் பட்டியலில் வருபவை. நெத்திலிக் கருவாடு, பிளாச்சான், பொட்டலத்தில் அடைத்த மசாலாத் தூள் என எது இருந்தாலும் "உண்டு" என்று குறித்துவிட்டு, பெட்டியைத் திறந்து காட்டிவிட வேண்டும். அறிவித்தால் அதிகாரி பார்த்து முடிவு செய்வார். ஆகாதென்றால் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விதிக்கப்படலாம். விசா ரத்தாகவும் இடமுண்டு. பாட்டி ஆசையாகக் கட்டிக் கொடுத்த ஊறுகாய்க்காக இந்த வம்பு வேண்டாம். மெல்பர்னில் இந்திய, இலங்கைத் தமிழர் மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. டாண்டினோங் வட்டாரம் அதற்குப் பெயர் போனது. ஜீலோங் போகும் வழியில் வெரிபி, டார்னீட் பக்கமும் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை வாங்கலாம்.

ஓட்டுநர் உரிமமும் காப்புறுதியும்

மலேசிய, சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் ஆஸ்திரேலிய மின்னியல் பயண அனுமதிக்குக் கைப்பேசிச் செயலி வழி விண்ணப்பிக்கலாம். சுற்றுலா வந்தவர் தம் நாட்டுச் செல்லுபடியாகும் உரிமத்திலேயே விக்டோரியாவில் ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்போ அனைத்துலக ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். வாடகை நிறுவனம் எதைக் கேட்கும் என்பது அதன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஜேபிஜே வழங்கும் அனைத்துலக அனுமதியை எடுத்துக்கொண்டு போனால் முகப்பில் வாக்குவாதம் இருக்காது. மலேசியாவில் 'டிஏ', சிங்கப்பூரில் '3ஏ' வகை உரிமம் வைத்திருப்பவர்கள் தானியங்கி வண்டியைத்தான் எடுக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது. சிறிய, விலை குறைந்த கேம்பர்வேன்களில் கையால் கியர் மாற்றுபவையும் உண்டு.

காப்புறுதியில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. விபத்தில் வாடகைக்காரர் முதலில் கட்ட வேண்டிய தொகை கேம்பர்வேனுக்கு மிகப் பெரியது. அந்தத் தொகையைக் கடன் அட்டையில் முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள். கூடுதல் கட்டணம் செலுத்தி அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேற்கூரை இடிப்பதும், வண்டிக்கு அடியில் ஏற்படும் சேதமும், டீசலுக்குப் பதில் பெட்ரோல் ஊற்றுவதும் பல ஒப்பந்தங்களில் காப்புறுதிக்குள் வருவதில்லை. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம். பேரங்காடியின் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்துக்குள் மறந்து நுழைந்துவிட்டால் கூரைக்கு வந்துவிடும் கேடு. மெல்பர்ன் டோல் சாலைகளில் நம் ஊர்ச் சாவடிகள் கிடையாது, காமிராதான். வண்டி எடுக்கும்போதே அதற்கான ஏற்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து மெல்பர்ன் ஏறக்குறைய எட்டு மணி நேரப் பறப்பு. இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். அங்கே கோடையில் மணி மூன்று மணி நேரம் முந்தியிருக்கும். ஒரு நாள் வாடகை வீணாகக் கூடாதென்று இறங்கிய கையோடு வண்டியை எடுத்து, தூக்கம் நிறைந்த கண்களோடு மலைவளைவில் ஏறுவதுதான் இந்தப் பயணத்தில் ஒரு தகப்பன் செய்யக்கூடிய பெரிய தவறு. முதல் இரவு நகரத்திலேயே தங்கலாம். முடியாவிட்டால் டோர்கி, ஆங்கல்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆங்கல்சியில் கோல்ஃப் மைதானத்துக் கங்காருகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினாலே அன்றைய பொழுது போய்விடும். அந்திப் பொழுதில் அதே கங்காருகள் சாலைக்கும் வரும். இருட்டிய பின் ஓட்டாமல் இருப்பது எல்லார்க்கும் நல்லது.

சாலையே ஒரு நினைவுச்சின்னம்

ஆங்கல்சி தாண்டி ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான வளைவு ஒன்று நிற்கும். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அது ஊர் வரவேற்பு வளைவு அல்ல. முதலாம் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அமைத்த சாலை இது. 1919இல் வேலை தொடங்கியது. ஏறக்குறைய 3,000 பேர் கூடாரங்களில் தங்கி, கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி ஆகியவற்றைக் கொண்டே பாறையை வெட்டினார்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. 1922இல் லோர்ன் வரையிலான முதல் பகுதியும், 1932 நவம்பரில் முழுச் சாலையும் திறக்கப்பட்டன. 1936இல் மாநில அரசு ஏற்கும் வரை இதுவும் டோல் சாலைதான். காட்டை அழித்து, பாறை பிளந்து சாலையும் ரயில்பாதையும் போட்ட பாட்டன்மார் வரலாறு தோட்டத்து வீடுகளில் இன்னும் பேசப்படுவதால், இந்தச் சாலையின் கதை தாத்தாக்களுக்கு விளக்கம் இல்லாமலேயே புரியும்.

பிள்ளைகளுக்கு வேறு கதை உண்டு. 1924இல் 'கேசினோ' என்ற கப்பல் கேப் பேட்டன் அருகே தரைதட்டியது. கப்பலை மிதக்க வைக்கச் சரக்கைக் கடலில் தள்ளினார்கள்: 500 பீப்பாய் பீர், 120 பெட்டி மதுபானம். அவை கரை ஒதுங்க, சாலை வேலை இரண்டு வாரம் நின்றுபோனதாம். இது பிள்ளைகளுக்கான கதையா என்பதை அம்மாக்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அப்பல்லோ பே தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி, ஓட்வே மழைக்காட்டுக்குள் ஏறுகிறது. கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அப்பல்லோ பேயிலேயே எண்ணெய் நிரப்பி, வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டிய இடமும் இதுவே. பிரின்ஸ்டவுன் அருகே மீண்டும் கடல் தெரியும். அங்கிருந்துதான் எல்லாரும் தேடி வரும் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள். பெயர் வைத்தபோதே அவை பன்னிரண்டு இல்லை, ஒன்பதுதான். 2005 ஜூலையில் ஏறக்குறைய 50 மீட்டர் உயரமான ஒன்று சில நொடிகளில் சரிந்து விழுந்தது. மென்மையான சுண்ணாம்புக்கல் பாறையைத் தெற்குப் பெருங்கடலின் அலை குடைந்து முதலில் குகையாக்குகிறது, குகை வளைவாகிறது, வளைவு இடிந்தால் தூண் தனியே நிற்கிறது, கடைசியில் தூணும் விழுகிறது. சற்று மேற்கே உள்ள 'லண்டன் பிரிட்ஜ்' பாறையின் ஒரு வளைவு 1990 ஜனவரியில் விழுந்தபோது, மறுமுனையில் நின்ற இரு சுற்றுப்பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் லாக் ஆர்ட் பள்ளத்தாக்கை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. 1878 ஜூன் 1ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து மெல்பர்ன் வந்துகொண்டிருந்த 'லாக் ஆர்ட்' கப்பல் இங்கே பாறையில் மோதியது. 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர்: கப்பலில் தொழில் பயின்ற டாம் பியர்ஸ், குடும்பத்தோடு குடியேற வந்த இவா கார்மைக்கேல். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் அன்றே இழந்த அந்தப் பெண்ணைக் கடலிலிருந்து இழுத்து வந்து குகையில் கிடத்திவிட்டு, டாம் பாறை மேல் ஏறி உதவி தேடினார். அவர்கள் கரை சேர்ந்த சிறு மணல்திட்டுக்கு இன்று படிக்கட்டு இருக்கிறது. அதே கப்பலில் வந்த பீங்கான் மயில் ஒன்று உடையாமல் தப்பி, வார்னம்பூலில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அந்தக் கடல் இன்னும் மாறவில்லை. போர்ட் டிக்சனிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் இடுப்பளவு நீரில் நின்று பழகியவர்களுக்கு இது முற்றிலும் வேறு தண்ணீர். கரையில் அமைதியாகத் தெரியும் பகுதியில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் நட்ட இடத்துக்கு நடுவே மட்டுமே இறங்க வேண்டும். கொடி இல்லாத கடற்கரையில் கணுக்கால் நனைப்பதோடு சரி. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று ஷெர்புரூக் ஆற்று முகத்துவாரத்தில் தத்தளித்த ஒரு சுற்றுப்பயணியைக் காப்பாற்றப் படகில் போன போர்ட் கேம்பல் தொண்டூழியர்கள் இருவர், தந்தையும் மகனும், உயிரிழந்தனர். சுற்றுப்பயணி மீட்கப்பட்டார். வேலிக்கு அப்பால் நின்று படம் எடுக்க ஒரு கால் வைக்கும்போது, நம்மைத் தேடி வரப்போகிறவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

எந்த மாதம் போவது என்பதற்கு ஒரே விடை இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கூட்டமும் காட்டுத்தீ அச்சமும் சேர்ந்தே வரும். 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செபரேஷன் கிரீக் ஊர்களில் 116 வீடுகள் எரிந்தன. லோர்னில் இருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே விறகோ கரியோ மூட்டக் கூடாது. விக்எமர்ஜென்சி செயலியைக் கைப்பேசியில் இறக்கி வைத்து, தினமும் காலையில் பார்ப்பது அவசியம். அவசர எண் 000. ஜூன் விடுமுறையில் போனால் குளிர் எலும்பைத் தொடும், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஆனால் பூங்காவில் இடம் தாராளமாகக் கிடைக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். வார்னம்பூலின் லோகன்ஸ் கடற்கரை மேடையில் காத்திருந்தால், குட்டி ஈன வரும் திமிங்கிலங்கள் கரையோரம் மூச்சுவிடுவதைக் காணவும் வாய்ப்புண்டு. இரவில் குளிருக்காக எரிவாயு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. அடைத்த வண்டிக்குள் சேரும் நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். கழிவுப் பெட்டியும் சாம்பல் தண்ணீர்த் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும், டீசல் நிரம்பியிருக்க வேண்டும், தரை பெருக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். முகப்பு மாலை நான்கு மணிக்கே மூடும் நிறுவனங்களும் உண்டு. வண்டியை எடுத்த அன்று உள்ளும் புறமும் எடுத்த காணொளி கைப்பேசியில் இருந்தால், பழைய கீறலுக்குப் புதிதாகப் பணம் கேட்கும்போது அதைக் காட்டலாம். மீந்த அரிசியையும் எண்ணெயையும் குப்பையில் போட வேண்டியதில்லை. பூங்காக்களின் பொதுச் சமையற்கூடத்தில், அடுத்து வருபவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுப்போகும் பொருள்களுக்குத் தனித் தட்டு இருப்பது வழக்கம். கடைசி இரவு அங்கே வைத்துவிட்டு வரலாம்.